மரை மாறினால் ஆபத்து!
பிரேக் இல்லாத பந்தய சைக்கிளின் கதை

துருக்கி நாட்டிலே கோன்யா என்று ஓர் ஊர். கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த ஊர் சைக்கிள் பந்தய அரங்கில் ஓர் அதிசயம் நடந்தது.

பிரிட்டனைச் சேர்ந்த மாத்யூ ரிச்சர்ட்சன் என்ற வீரர் 200 மீட்டர் தூரத்தை 8.941 விநாடியில் கடந்தார். மறுநாள் அதையும் முறியடித்தார். அன்று அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8.857 விநாடி! அதற்கு முன்பு இந்தத் தூரத்தை 9 விநாடிக்குள் கடந்தவர் உலகத்தில் எவரும் இல்லை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீரர் ஹாரி லாவ்ரைசன் எடுத்த 9.088 விநாடிதான் அதுவரை உலக சாதனை.

8.857 விநாடியில் 200 மீட்டர் என்றால் மணிக்கு 81 கிலோமீட்டர் வேகம். மோட்டார் இல்லை, பெட்ரோல் இல்லை. இரண்டு கால்கள்தான்.

இன்னொரு செய்தியைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். அந்த சைக்கிளில் பிரேக் கிடையாது!

பிரேக் இல்லாமல் எப்படி வேகத்தைக் குறைக்கிறார்கள்? அந்த வேகத்தில் வீரரின் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? உள்ளங்கையில் அடங்கும் ஒரு பல் சக்கரமும், அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வளையமும்தான். அந்த இரண்டும் சரியான அளவில் இருந்தால் வீரர் பத்திரமாக வீடு திரும்புவார். அளவு தவறினால் ஆபத்துதான். இந்தச் சிறு பொருள்களின் அளவைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குழப்பம் இருந்து வருகிறது. இப்போது அது புதிய உருவம் எடுத்திருக்கிறது.

காலும் சக்கரமும் ஒன்று

நாம் கடைக்குப் போகும் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சற்று தூரம் மிதித்துவிட்டு, காலை அசைக்காமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? சைக்கிள் தானாக ஓடுகிறது. பின்சக்கரத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கிறது. அங்கே 'பிரீவீல்' என்ற பொருள் இருக்கிறது. முன்னால் மிதித்தால் அது சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரத்தை விட்டுவிடும்.

அரங்கத்தில் ஓடும் பந்தய சைக்கிளில் பிரீவீல் இல்லை. பின்சக்கரத்தோடு பல் சக்கரம் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடல் நின்றால் சக்கரமும் நிற்கும். இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வு கிடையாது.

வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், சுற்றி வரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். அதுதான் பிரேக்!

'ஏன் இந்த வம்பு? ஒரு பிரேக் வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சர்வதேசப் போட்டி அரங்கின் சுற்றளவு பெரும்பாலும் 250 மீட்டர். வளைவுகளில் பாதை சுவரைப்போலச் சரிந்து நிற்கும். ஒருவர் சக்கரத்துக்கும் அடுத்தவர் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. முன்னே போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். ஒருவருமே பிரேக் போட முடியாது என்றால், ஒருவருமே திடீரென்று நிற்க முடியாது. ஆகவேதான் பிரேக்கும் பிரீவீலும் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இப்படி விதி வைத்த பிறகு, ஓட்டுகிறவரின் முழுப் பாதுகாப்பும் அந்தப் பின்பல் சக்கரத்தின் பிடிப்பில் வந்து நிற்கிறது.

வலம் ஒன்று, இடம் ஒன்று

சக்கரத்தின் நடுவிலே போக்ஸ் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உருளைக்கு 'ஹப்' என்று பெயர். மாட்டு வண்டிச் சக்கரத்தில் இதையே 'குடம்' என்பார்கள். பல் சக்கரம் இந்த ஹப்பின்மேல்தான் ஏறுகிறது. எப்படி ஏறுகிறது? பாட்டில் மூடியைத் திருகுவதுபோல, மரையின்மேல் திருகி ஏற்றுகிறார்கள்.

பந்தய சைக்கிளின் ஹப்பில் இரண்டு மரைகள் இருக்கும். உள்ளே இருப்பது பெரியது. அதில் பல் சக்கரம் ஏறும். வெளியே, படிக்கட்டுபோல் ஒரு படி இறங்கி, சிறிய மரை ஒன்று இருக்கும். அதில் பூட்டு வளையம் ஏறும்.

இதிலேதான் பழைய காலத்துத் தொழிலாளிகளின் புத்திசாலித்தனம் தெரிகிறது. பல் சக்கரத்தின் மரை, சாதாரண மரை. வலப்பக்கம் திருகினால் இறுகும். பூட்டு வளையத்தின் மரையோ நேர் எதிர். இடப்பக்கம் திருகினால்தான் இறுகும்.

வீரர் முன்னோக்கி மிதிக்கும்போது, செயின் பல் சக்கரத்தை வலப்பக்கம் இழுக்கிறது. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். அதில் கவலை இல்லை. வேகத்தைக் குறைக்க அவர் காலால் எதிர்த்து அழுத்தும்போது, செயின் அதே பல் சக்கரத்தை இடப்பக்கம் இழுக்கிறது. அது கழன்று வரப் பார்க்கும். அப்படிக் கழலப் பார்க்கும்போது, தன்னோடு ஒட்டியிருக்கும் பூட்டு வளையத்தையும் சேர்த்து இடப்பக்கம் திருப்பும். வளையத்துக்கு இடப்பக்கம் என்றால் இறுகும் பக்கம் அல்லவா? ஆகவே பல் சக்கரம் கழல முயல முயல, வளையம் இன்னும் இறுகி அதைத் தடுத்துவிடும்!

திருடன் தப்பி ஓட முயலும்போது கதவு தானாகப் பூட்டிக்கொள்வதுபோல் இது நடக்கிறது.

இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. பல் சக்கரத்தின் மரையும், வளையத்தின் மரையும், ஹப்பின் மரையும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

மூன்று நாடு, மூன்று அளவு

அந்த ஒரே அளவுதான் இல்லாமல் போயிற்று. சைக்கிள் தொழில் இங்கிலாந்தில் வளர்ந்தது. பிரான்சில் வளர்ந்தது. இத்தாலியிலும் வளர்ந்தது. ஒவ்வொரு நாட்டுப் பட்டறையும் தனக்குத் தெரிந்த அளவில் மரை வெட்டியது.

ஆங்கில முறையில் பல் சக்கரத்தின் மரை 1.375 அங்குலம் விட்டம். மில்லிமீட்டரில் சொன்னால் 34.92. ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இத்தாலிய முறையில் விட்டம் 35 மில்லிமீட்டர். அங்கும் அங்குலத்துக்கு 24 மரைதான். பிரெஞ்சு முறையில் விட்டம் 34.7 மில்லிமீட்டர். மரைக்கு மரை இடைவெளி சரியாக 1 மில்லிமீட்டர்.

பூட்டு வளையத்திலும் வித்தியாசம் உண்டு. ஆங்கில வளையம் 1.29 அங்குலம். இத்தாலிய வளையம் 1.32 அங்குலம்.

'இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை பேச்சு?' என்று தோன்றும். ஆங்கில அளவுக்கும் இத்தாலிய அளவுக்கும் பல் சக்கர மரையில் உள்ள வித்தியாசம் 0.08 மில்லிமீட்டர்தான். நாம் எழுதும் தாளின் கனம்கூட இல்லை! இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று சற்று இறுக்கமாக ஏறும், மற்றொன்று சற்றுத் தளர்வாக ஏறும். பல பேர் அப்படி மாற்றிப் போட்டு ஓட்டியும் இருக்கிறார்கள்.

பிரெஞ்சு ஹப்பில் ஆங்கிலப் பல் சக்கரத்தை ஏற்றினால் கதை வேறு. ஹப் சிறியது, சக்கரத்தின் துளை பெரியது. ஆகவே சுலபமாக ஏறும். ஆனால் மரை இடைவெளி ஒத்துப் போகாது. ஆங்கில மரையின் இடைவெளி சுமார் 1.06 மில்லிமீட்டர், பிரெஞ்சு மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர். ஏழு சுற்று ஏறுவதற்குள் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் விலகிவிடும். ஏழு மரையும் சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு மரைகள் மட்டும் தாங்கும்.

பூட்டு வளையத்தில் நடப்பது இன்னும் மோசம். ஆங்கில ஹப்பில் இத்தாலிய வளையத்தைப் போட்டால், மரையின் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பிடிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். கையால் திருகும்போது இறுகியதுபோலத் தெரியும். முழு வேகத்தில் வீரர் ஒருமுறை எதிர்த்து அழுத்தினால் போதும், மரை தேய்ந்து, வளையம் வழுக்கிவிடும். அதன் பிறகு பல் சக்கரத்தைத் தடுக்க எதுவும் இல்லை.

பொருந்தாத பொருள் ஏறவே ஏறாமல் நின்றுவிட்டால் நல்லது. யாரும் ஏமாற மாட்டார்கள். சுலபமாக ஏறிவிட்டு, பிறகு கைவிடும் பொருள்தான் பொல்லாதது. ஏறுவதெல்லாம் பொருந்துவது ஆகாது.

நம் வீட்டு சைக்கிளிலும் அதே மரை!

இந்த ஆபத்து எங்கோ ஐரோப்பாவில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். நம் நாட்டு சைக்கிள்கள் ஆங்கில வழியில் வந்தவை. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியின் கூட்டோடு தொடங்கியதுதான். ஆகவே நம் ஊர் சைக்கிளின் பின்ஹப்பில் பிரீவீல் ஏறும் மரையும் அதே 1.375 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்ற ஆங்கில அளவே.

அப்படியானால், பந்தய சைக்கிளின் பல் சக்கரத்தை நம் வீட்டு சைக்கிளில் திருகினால் ஏறுமா? ஏறும். அழகாகவே ஏறும்!

ஆனால் நம் சைக்கிள் ஹப்பில் இரண்டாவது மரை கிடையாது. பூட்டு வளையம் உட்கார இடமில்லை. பிரீவீலுக்கு அது தேவையும் இல்லை. பின்னோக்கி மிதித்தால் பிரீவீல் சும்மா சுற்றுமே தவிர, கழலாது. அந்த இடத்தில் நிலையான பல் சக்கரத்தை வைத்து, காலால் எதிர்த்து அழுத்தினால் என்ன ஆகும்? அது கழன்று சுற்றும். கால் வெறுமனே பின்னோக்கிப் போகும். வண்டியோ முன்னே ஓடிக்கொண்டே இருக்கும்.

சில நாடுகளின் பெரிய நகரங்களில் இளைஞர்கள் இப்படிப்பட்ட சைக்கிளைத் தெருவில் ஓட்டுவதை ஒரு நாகரிகமாகக் கொண்டிருக்கிறார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் பிரீவீல் ஹப்பிலேயே பல் சக்கரத்தை ஏற்றி, பசை தடவி ஒட்டுகிறார்கள். வேறு சிலர், பெடல் அச்சுக்கு உரிய வளையம் ஒன்றை மேலே திருகி வைக்கிறார்கள். அந்த வளையமும் வலப்பக்க மரைதான். பல் சக்கரம் கழலும்போது அதுவும் கூடவே கழலும். அதைப் பூட்டு என்று சொல்வது, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் பூட்டியதாகச் சொல்வது போலத்தான்.

இப்படிச் செய்த சைக்கிளுக்கு ஓட்டுகிறவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'தற்கொலை ஹப்' என்பது அந்தப் பெயர்! பெயரே எச்சரிக்கை. தெருவில் ஓட்டும் எந்த சைக்கிளுக்கும் தனியாகப் பிரேக் இருக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. பிரேக் இல்லாத வண்டிக்கு உரிய இடம் பந்தய அரங்கம் மட்டுமே.

பல்லுக்கும் செயினுக்கும் உறவு

மரை பொருந்திவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பல்லும் செயினும் பொருந்த வேண்டும்.

சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம். இது உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அகலம் இரண்டு வகை. ஒன்று அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குலம். தச்சர்கள் 'ஒரு நூல்' என்று சொல்லும் அளவு இது. மற்றொன்று 3/32 அங்குலம், ஒல்லியானது. கனமான பல் சக்கரத்தில் ஒல்லியான செயின் உட்காராது. ஒல்லியான பல் சக்கரத்தில் அகலமான செயின் உட்காரும்.

1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி ஒரு புதுமை செய்து பார்த்தது. அரை அங்குலக் கண்ணிக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் கண்ணி கொண்ட செயினைப் பந்தய சைக்கிளுக்கென்று கொண்டு வந்தது. பல் சக்கரம் சிறியதாயிற்று. எடை குறைந்தது. பொருளில் குறை இல்லை. ஆனால் வேறு எந்தக் கம்பெனியின் செயினும் அதில் ஏறாது. அதன் செயின் வேறு எதிலும் ஏறாது. நாளடைவில் அது சந்தையை விட்டே மறைந்தது. அதை வாங்கி வைத்திருந்தவர்கள் உதிரிப் பொருளுக்குத் திண்டாட வேண்டியதாயிற்று.

செயின் ஓடும் கோடும் முக்கியம். முன்னால் உள்ள பெரிய பல் சக்கரமும் பின்னால் உள்ள சிறிய பல் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து 42 மில்லிமீட்டர் என்பது பந்தய சைக்கிளில் வழக்கமான அளவு. கோடு விலகினால் செயின் சத்தம் போடும், விரைவில் தேயும். முழு வேகத்தில் கழன்று விழவும் கூடும். பிரேக் இல்லாத வண்டியில் செயின் கழன்றால் என்ன கதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பால்டிமோர் கற்பித்த பாடம்

மரை ஒத்துப் போகாத சங்கடம் சைக்கிளுக்கு மட்டும் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை என்றுதான் உலகம் இருந்தது. ஓர் ஊரில் செய்த ஆணிக்கு அடுத்த ஊர் நட்டு பொருந்தாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், எல்லோரும் ஒரே மரை வெட்டலாம் என்று யோசனை சொன்னார். இங்கிலாந்தின் தொழிற்சாலைகள் மெல்ல மெல்ல அதை ஏற்றுக்கொண்டன.

ஏற்றுக்கொள்ளாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரம் காட்டியது. 1904-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே பெரிய தீ மூண்டது. வெளியூர்களிலிருந்து தீயணைக்கும் வண்டிகள் விரைந்து வந்தன. ஆட்கள் இருந்தார்கள். தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களின் மரை பால்டிமோர் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை! கண் எதிரே நகரம் எரிந்தது. 1,500-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன.

ஓர் அளவைப் பொதுவாக வைத்துக்கொள்வது பெரிய கம்பெனிகளின் சௌகரியத்துக்காக மட்டும் என்று எண்ணக் கூடாது. ஆபத்து வேளையில் ஒருவர் பொருள் இன்னொருவருக்கு உதவ வேண்டுமானால், அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜப்பானின் முத்திரை

இந்தப் பாடத்தை சைக்கிள் பந்தயத்தில் கண்டிப்பாகக் கடைப்பிடித்த நாடு ஜப்பான். அங்கே 'கெய்ரின்' என்ற பந்தயம் 1948-ம் ஆண்டு நவம்பர் மாதம் கொக்குரா நகரில் தொடங்கியது. போரில் சிதைந்த ஊர்களைத் திருத்தி அமைக்கப் பணம் வேண்டும். அதற்காக அரசாங்கமே சட்டம் இயற்றி, பணம் கட்டி ஆடும் பந்தயமாக அதை நடத்தியது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கெய்ரின் ஒலிம்பிக் பந்தயமாகவும் ஆயிற்று.

மக்கள் பணம் கட்டுகிற பந்தயம். ஒரு வீரர் தோற்றால் அது அவர் காலின் தோல்வியாக இருக்க வேண்டும். 'சைக்கிள் சதி செய்துவிட்டது' என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது. ஆகவே சைக்கிளின் உறுப்புகளுக்கு முத்திரை முறை வந்தது. பிரேம், ஹப், பல் சக்கரம், பூட்டு வளையம், செயின் எல்லாவற்றையும் சோதித்து, தேறியவற்றில் 'என்.ஜே.எஸ்.' என்ற முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை இல்லாத பொருளைக் கெய்ரின் வீரர் பயன்படுத்தக் கூடாது. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு சைக்கிளையும் பரிசோதிப்பார்கள்.

இதனால் என்ன பலன்? எந்தக் கம்பெனியின் பல் சக்கரமும் எந்தக் கம்பெனியின் ஹப்பிலும் அச்சமின்றி ஏறும். ஒரு வீரர் பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய ஹப்புக்கு இன்றும் புது வளையம் கிடைக்கும்.

இந்த முறைக்கும் ஒரு குறை சொல்வார்கள். கண்டிப்பு அதிகமானால் புதுமை வளராது என்பது அந்தக் குறை. உலகத்து வீரர்கள் கார்பன் சைக்கிளுக்கு மாறிய பிறகும் ஜப்பானின் கெய்ரின் வீரர்கள் எஃகு சைக்கிளிலேயே ஓட்டினார்கள். ஒலிம்பிக்குக்குப் போகும்போது வேறு வண்டியில் பழக வேண்டியிருந்தது. 2021-ல் சிபா நகரில் 250 மீட்டர் அரங்கில், கார்பன் சைக்கிளுடன் ஒரு புதிய பந்தய வரிசை தொடங்கப்பட்டது. பழைய முறையை அழிக்காமலே பக்கத்தில் புதிய வழி ஒன்றைத் திறந்தார்கள்.

மீண்டும் பழைய குழப்பம்

இப்போது உலக அரங்கில் நடப்பது என்ன? வேகம் ஏற ஏறப் பல் சக்கரங்கள் பெரிதாகின்றன. முன்சக்கரத்தில் 49 பல்லும் பின்சக்கரத்தில் 14 பல்லும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் மூன்றரைச் சுற்றுச் சுற்றும். சைக்கிள் 7 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். 60 பல்லும் 15 பல்லும் என்றால் நான்கு சுற்று. சைக்கிள் 8 மீட்டருக்கு மேல் நகரும். பந்தயத்துக்குப் பந்தயம், ஏன், ஒரே நாளில் சுற்றுக்குச் சுற்றுகூட வீரர்கள் பல் சக்கரத்தை மாற்றிப் போடுகிறார்கள்.

அடிக்கடி திருகிக் கழற்றினால் ஹப்பின் மரை தேயும். ஆகவே சில கம்பெனிகள் புது வழி கண்டன. மரையுள்ள ஒரு வளையத்தை ஹப்பில் நிலையாக ஏற்றிவிடுவார்கள். அதன் வெளிப்புறத்தில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் பல் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஏறும். மாற்றுவது சுலபம், மரைக்கும் சேதமில்லை. தொழில் நோக்கில் இது நல்ல முன்னேற்றமே. ஆனால் ஒரு கம்பெனியின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனியின் பல் சக்கரம் ஏறாது. ஒருமுறை வாங்கியவர் அந்தக் கம்பெனியிடமே திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் குழு ஓட்டிய சைக்கிளில் செயினே இடப்பக்கத்துக்குப் போயிற்று! காற்றின் தடையைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. செயின் இடப்பக்கம் போனால், மிதிக்கும் திசையில் சாதாரண மரை கழலும். ஆகவே அந்த வண்டிக்கென்றே தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அந்தக் குழு குழுத் துரத்தல் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஆனால் அவர்களின் சக்கரம் பழுதானால் பக்கத்து நாட்டுக் குழுவிடம் கடன் கேட்க முடியாது. எந்த நாட்டிடமும் அப்படிப்பட்ட சக்கரம் இல்லை.

புதுமையில் சோதனை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் ஓர் எடுத்துக்காட்டு. 2021 ஆகஸ்டு 2-ந் தேதி ஆஸ்திரேலியக் குழு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, அலெக்ஸ் போர்ட்டர் என்ற வீரரின் ஹேண்டில்பார் திடீரென்று முறிந்தது. அவர் பாதையில் முகம் குப்புற விழுந்தார். முறிந்தது ஹேண்டில்பார்தான், ஹப் அல்ல. ஆனாலும் பிரேக் இல்லாத வண்டியில் எந்த உறுப்பு கைவிட்டாலும் வீரருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை என்பதை உலகம் கண்ணால் கண்டது.

சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் விதி ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் பயன்படுத்தும் பொருள் யார் கேட்டாலும் விலைக்குக் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்பது அந்த விதி. பணக்கார நாடு தனக்கென்று இரகசியமாக ஒரு வண்டி செய்துகொள்ளக் கூடாது என்பதே நோக்கம். நல்ல விதிதான். ஆனால் விலைக்குக் கிடைப்பது ஒன்று, வாங்க முடிவது வேறொன்று.

இங்கேதான் நம் நாட்டுக்கும் இதில் அக்கறை உண்டு. அந்தமான்-நிக்கோபார் தீவுகளிலிருந்து வந்த ஈசோ ஆல்பன் 2018-ல் இளைஞர்களுக்கான உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு இந்திய இளைஞர் குழு குழு வேகப் பந்தயத்தில் தங்கமே வென்றது. இப்படித் தலையெடுக்கும் நாடுகளின் வீரர்களுக்குப் பொதுவான அளவு ஒரு பெரிய துணை. பழைய ஹப்பைப் புதிய பல் சக்கரத்தோடு சேர்க்கலாம். ஒருவர் சக்கரத்தை இன்னொருவர் மாட்டிக்கொள்ளலாம். உள்ளூர்ப் பட்டறையிலேயே வளையம் கடைந்துகொள்ளலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவு என்று ஆகிவிட்டால், இந்த வசதி எல்லாம் போய்விடும்.

புதுமை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. புதுமை செய்கிறவர் தம் அளவை வெளியிட்டு, மற்றவர்களும் அதே அளவில் செய்ய விட்டுவிட்டால் போதும். இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. டிஸ்க் பிரேக்குக்காக ஹப்பில் ஆறு போல்ட்டு வைக்கும் முறை வந்தது. 44 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு துளை என்ற அளவைப் பல கம்பெனிகளும் கடைப்பிடிக்கின்றன. அதே ஆறு துளையில் போல்ட்டு போட்டு இறுக்கும் நிலையான பல் சக்கரங்களும் வந்துவிட்டன. அவற்றில் மரை கழலும் பேச்சே இல்லை!

வாங்குகிறவர் கவனிக்க

பந்தய சைக்கிளில் பழக விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பழைய ஹப் வாங்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஹப்பில் இரண்டு படியாக மரை இருக்கிறதா? ஒரு படி மட்டும் இருந்தால் அது பிரீவீலுக்கு உரியது. அதில் நிலையான பல் சக்கரத்தைப் போடக் கூடாது.

அது எந்த நாட்டு அளவு? விட்டத்தை அளந்து பார்ப்பதோடு, மரை இடைவெளியையும் அதற்கென்று உள்ள அளவுச் சீப்பை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பூட்டு வளையத்தை ஹப்போடு சேர்த்தே வாங்குவது நல்லது. முதல் மூன்று சுற்றாவது கையாலேயே ஏற வேண்டும். தொடக்கத்திலேயே சாவி போட்டு அழுத்தினால்தான் ஏறும் என்றால் நிறுத்திவிட வேண்டும். ஏறிய பிறகு ஆடினாலும் வேண்டாம்.

மரையில் சற்று கிரீஸ் தடவி, பல் சக்கரத்தை நன்றாக இறுக்க வேண்டும். பிறகு வளையத்தை இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் முன்னோக்கி மிதித்து ஓட்டிவிட்டு வந்து, வளையத்தை மறுபடியும் இறுக்க வேண்டும். மிதிக்கும்போது பல் சக்கரம் இன்னும் சற்று உள்ளே போயிருக்கும். வளையம் அதைப் பின்தொடர வேண்டும்.

புத்தி தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று கேலி செய்வது நம் வழக்கம். சைக்கிள் அரங்கத்தில் அது கேலிப் பேச்சு அல்ல. கோன்யாவில் ரிச்சர்ட்சன் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டியை அவர் காலால் எதிர்த்து எதிர்த்து அழுத்தித்தான் வேகம் தணித்தார். சாதனை 8.857 விநாடியில் முடிந்தது. பூட்டு வளையத்தின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.